விடுதிக்குக் கடிதத்தில் போன வொண்டர் வுமன்

‘வொண்டர் வுமன்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில், டயானா பிரின்ஸ் கைகளை விரித்து ஒருமுறை சுழன்றால் அபார சக்தி கொண்ட வொண்டர் வுமன் ஆகிவிடுவாள். அந்தச் சுழற்சி, அவளாக நடித்த லிண்டா கார்ட்டரின் யோசனை. உடை மாறுவதை எப்படிக் காட்டுவது என்று படக்குழு யோசித்தபோது, நடனம் தெரிந்த அவர் சுழன்று காட்டலாம் என்றாராம். ஆரம்ப அத்தியாயங்களில் அது மெதுவாக நடக்கும். உடை கரைந்து கரைந்து மாறும். ஒளிவெடிப்பும் இடியோசையும் பிறகு வந்தவை.

நான் யாழ்ப்பாணத்தில் நமது கல்லூரியை இடைநடுவில் விட்டு 1978இல் குடும்பத்தோடு லண்டன் வந்தவள். என் தோழிகள் விடுதியிலேயே இருந்தார்கள். இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்ததே 1979இல்தான். யாழ்ப்பாணத்தில் அதைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. அதனால் நான் பார்த்த ஒவ்வொரு கதையையும் நீல வான்கடிதத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதி அனுப்பினேன். சுகம் விசாரிக்க மடிப்போரம் மட்டுமே மிஞ்சும். பதிலில் கேள்விகள் வந்து குவியும். கண்ணுக்குத் தெரியாத விமானத்தை நிறுத்தினால் திரும்ப எப்படிக் கண்டுபிடிப்பாள்? தங்கக் கயிற்றால் கட்டினால் எவரும் உண்மைதான் சொல்லவேண்டுமா? பரதநாட்டியம் பழகிய ஒருத்தி, இரவுப் படிப்பு முடிந்ததும் எல்லோரையும் விறாந்தையில் வரிசையாக நிறுத்திச் சுழல வைத்தாளாம்.

கயிற்றைப் பற்றிய விடை எனக்குப் பல காலம் கழித்தே கிடைத்தது. 1941இல் சித்திரக்கதைக்காக இந்தப் பாத்திரத்தைப் படைத்த வில்லியம் மார்ஸ்டன் ஓர் உளவியலாளர்; இரத்த அழுத்தத்தைக் கொண்டு பொய்யைக் கண்டறிய முயன்றவர்.

எனக்குப் பெரிதாகப் பட்டது கார்ட்டரின் கரிய கூந்தல். 1974இல் வந்த முந்தைய தொலைக்காட்சிப் படத்தில் பொன்னிறக் கூந்தல் நடிகை ஒருவரே வொண்டர் வுமன்; அது எடுபடவில்லை. 1975 நவம்பரில் கார்ட்டர் வந்தார். அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் 1951இல் பிறந்தவர். தாயார் வழியில் மெக்சிக்கோ வேர் உண்டு. அந்த வேர் எனக்கு அப்போது தெரியாது. ஆனாலும் லண்டன் வகுப்பறையில் எண்ணெய் தேய்த்த கறுத்தப் பின்னலோடு தனித்து உட்கார்ந்திருந்த எனக்கு, எல்லோரையும் காக்க வருகிறவளும் கறுத்தக் கூந்தல்காரி என்பது எத்தனை பெரிய துணை!

நட்சத்திரம் பதித்த அந்த உடையில் நின்றுகொண்டு பாத்திரத்தைக் கேலியாக்காமல் நடிப்பது லேசான காரியமல்ல. கார்ட்டர் ஒரு கணம்கூடப் பிசகவில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நடக்கும் முதல் பருவத்தில், ஹிட்லரின் நாசிகளின் பக்கம் நிற்கும் பௌஸ்டா என்ற பெண்ணை வொண்டர் வுமன் பேச்சாலேயே மனம் மாற்றுவாள். குண்டுகளைக் கைவளையால் தடுக்கும் காட்சிகளை விட எனக்கு அதுதான் பிடிக்கும். கார்ட்டருக்குப் பதிலாக ஆபத்தான பாய்ச்சல்களைச் செய்த ஜீனி எப்பரையும் இங்கே நினைக்க வேண்டும். அவர் உழைப்பு இல்லாமல் அந்தத் தொடர் இல்லை. ஆனால் ஹெலிகொப்டரைப் பிடித்துத் தொங்கிய காட்சியில் இருப்பது கார்ட்டரேதான்.

1979இல் தொடர் முடிந்தது. பாத்திரத்தின் நிழலை உதறித்தள்ளப் பார்க்கிற நடிகர்கள் உண்டு. கார்ட்டர் இன்றுவரை வொண்டர் வுமனை மதிப்போடு பேசுகிறார். 2016 ஒக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபை வொண்டர் வுமனைப் பெண்கள், சிறுமிகளின் வலுவூட்டலுக்கான கௌரவத் தூதராக அறிவித்தபோதும் நேரில் வந்து உரையாற்றினார். சபையின் ஊழியர்கள் பலர் எதிர்த்தார்கள். டிசம்பரில் அந்தப் பதவி முடிவுக்கு வந்தது. உண்மையான ஒரு பெண்ணை நியமித்திருக்கலாம் என்ற அவர்களின் வாதம் எனக்கு விளங்குகிறது. உடையைக் காட்டிக் குறைகூறியதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நமது வலைப்பந்து அணி குட்டைப் பாவாடையோடு களமிறங்கியபோது ஊரில் சிலர் சொன்னதும் இதேதான். அந்தப் பாவாடையோடுதான் நம் பிள்ளைகள் கிண்ணத்தை வென்று வந்தார்கள்.