தையல் அக்காவின் மாத்திரை டப்பா

ஏப்ரல் 19, 2024, வெள்ளி

மனநோய்க்குச் சிகிச்சை பெறும் பெண்கள் தங்கும் எங்கள் வீட்டிலிருந்து இன்று மூன்று பேர் ஓட்டுப் போட்டார்கள். காலை ஏழரைக்கே நடுநிலைப் பள்ளி வரிசையில் நின்றாகிவிட்டது. தையல் அக்கா தானே தைத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். வெளியே வந்ததும் மை வைத்த விரலை என்னிடம் நீட்டி, "ஒரு போட்டோ எடு பாப்பா" என்றார். அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. இதுதான் முதல் ஓட்டு.

பெயர் சேர்க்கப் போனபோது, "மனநிலை சரியில்லாதவங்களுக்கு ஓட்டு உண்டா?" என்று கேட்டார்கள். நீதிமன்றம் ஒருவரை சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று அறிவித்திருந்தால் மட்டுமே பட்டியலில் சேர்க்கத் தடை. மருந்துச் சீட்டோ பழைய மருத்துவமனை ஃபைலோ அதற்குப் போதாது. இதைச் சொல்லிப் புரியவைக்க நான்கு முறை நடந்தேன்.

எந்நேரமும் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஜன்னல் அக்கா மட்டும் வீட்டில் இருந்தார். அவரிடம் வயதுக்கோ முகவரிக்கோ ஒரு காகிதமும் இல்லை. ஆதார் மையத்தில் மூன்று முறை முயன்றும் விரல் ரேகை விழவில்லை. யாரோ வீட்டில் பத்துப் பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரல்கள்.

ஏப்ரல் 24, புதன்

புதிதாகப் படிப்பவர்கள் கேட்டதால் எழுதுகிறேன். நான் ஒரு சிறிய அறக்கட்டளையில் கேஸ் மேனேஜர். என் பொறுப்பில் மூன்று வாடகை வீடுகள். ஒவ்வொன்றிலும் நான்கைந்து பெண்கள், அவர்களோடு தங்கும் ஓர் உதவியாளர். சென்னையின் தி பான்யன் என்ற மனநல அமைப்பு 2015-ல் 'ஹோம் அகெய்ன்' என்று தொடங்கிய முறைதான் எங்களுக்கு முன்மாதிரி. வளாகம், வார்டு, வாசலில் காவலாளி எதுவும் கிடையாது. தெருவில் இன்னொரு வீடு, அவ்வளவுதான். குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்று 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19-வது பிரிவு சொல்கிறது. தையல் அக்கா அப்படிப் பதினொரு வருடம் உள்ளே இருந்தவர்.

என் வேலை என்ன? மாதாந்திர செக்கப், ரத்தப் பரிசோதனை, ஊனமுற்றோர் அட்டை, வங்கிக் கணக்கு, பக்கத்து வீட்டோடு தண்ணீர்ச் சண்டை, எங்கோ இருக்கும் தம்பிக்கு ஒரு போன். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. நாம் செய்துகொடுப்பதை ஒவ்வொன்றாக அவர்கள் கைக்கு மாற்றிவிடுவது.

தையல் அக்காவின் மாத்திரை அப்படி மாற எட்டு மாதம் ஆனது. முதலில் உதவியாளர் அக்கா எடுத்துக் கொடுத்தார். அப்புறம் ஏழு நாள் டப்பாவில் அவர் நிரப்ப, தையல் அக்கா தானாகப் போட்டார். அடுத்து தையல் அக்கா நிரப்ப, உதவியாளர் அக்கா சரிபார்த்தார். இப்போது திங்கள்கிழமை மட்டும் நான் எண்ணிப் பார்க்கிறேன். ஐந்து மாதமாக ஒன்றுகூடத் தவறவில்லை.

மே 4, சனி

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. வீட்டில் இரண்டு ஃபேன், அதில் ஒன்று சுற்றுவதே தெரியவில்லை.

தையல் அக்கா ஊசியில் நூல் கோக்கத் திணறினார். கை நடுங்கியது. அவர் சாப்பிடுவது லித்தியம், மனநிலை ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் மருந்து. அதைச் சாப்பிடுபவர்களுக்குக் கை லேசாக நடுங்குவது சகஜம் என்பதால், "அடுத்த வாரம் டாக்டரிடம் சொல்வோம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பெடல் மெஷின் மிதித்து முட்டி வலி என்றார். அதையும் கேட்டுக்கொண்டேன், எழுதிக்கொள்ளவில்லை.

மே 7, செவ்வாய்

விடியற்காலை ஐந்து மணிக்கு உதவியாளர் அக்காவின் போன். இரவு முழுக்க வாந்தி, பேதி. நடந்தால் தள்ளாடுகிறார், பேச்சு குழறுகிறது. ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினோம். அவசரப் பிரிவில் பழைய சீட்டைப் பார்த்ததுமே, "இது மென்டல் கேஸ், அங்க கொண்டு போங்க" என்றார் ஒருவர். "லித்தியம் அளவு பாருங்கள், இது உடம்புப் பிரச்சினை" என்று சத்தம் போட வேண்டியிருந்தது. அளவு 2.1 வந்தது. பொதுவாக 1-க்குள் இருக்க வேண்டியது. 1.5-ஐத் தாண்டினாலே விஷம்.

உடனே டிரிப் ஏற்றினார்கள். மாலையில் கண் திறந்து, "பக்கத்து வீட்டுப் புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கணும், நாளைக்குக் கேட்பாங்க" என்றார்.

மே 8, புதன்

காரணம் அவருடைய சுருக்குப் பையில் இருந்தது. முட்டி வலிக்கு மருந்துக் கடையில் வாங்கிய டைக்ளோஃபினாக், பாதி அட்டை தீர்ந்திருந்தது. அந்த வகை வலி மாத்திரை லித்தியத்தை உடம்பிலிருந்து வெளியேற விடாது. வெயிலில் உப்பும் நீரும் வியர்வையாகப் போய்விட்டால், சிறுநீரகம் உப்பை இழுத்துப் பிடிக்கும். அப்போது லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் ஒரே வாரத்தில் நடந்திருக்கிறது.

அவர் தன் டப்பாவில் ஒரு மாத்திரையைக்கூடத் தவறாகப் போடவில்லை. எந்த வலி மாத்திரை கூடாது என்று அவரிடம் சொல்லாதது நான். எட்டு மாதம் எண்ணச் சொல்லிக்கொடுத்த நான் இதைச் சொல்லவில்லை. இரவெல்லாம் இதே நினைப்பு.

மே 11, சனி

அலுவலகக் கூட்டம். மூன்று வீட்டிலும் மாத்திரைகளை அலமாரியில் பூட்டி, சாவி உதவியாளரிடம் மட்டும் இருக்க வேண்டும் என்று ஒரு யோசனை வந்தது. ஒரு உயிர் போகப் பார்த்தது. அந்தப் பயம் எனக்கும் உண்டு, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

நான் பேசுவதற்கு முன்பே உதவியாளர் அக்கா பேசினார். அவர் ராமநாதபுரம் பக்கம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் இறந்தார்கள், 28 பேர். "அப்பவும் அவங்க நல்லதுக்குத்தான் கட்டி வச்சிருக்கோம்னுதான் சொன்னாங்க" என்றார். கூட்டம் அமைதியானது. அலமாரிப் பூட்டும் கால் சங்கிலியும் ஒன்று என்று நான் நினைக்கவில்லை. தற்கொலை எண்ணத்தில் இருப்பவர் உள்ள வீட்டில் பூட்டு வேண்டும், எங்கள் இரண்டாவது வீட்டில் இப்போதும் இருக்கிறது. அந்தந்த ஆளைப் பார்த்து, அவரோடு பேசி முடிவு செய்வதுதான் முறை. எல்லோருக்கும் ஒரே பூட்டு என்றால், தவறு செய்யாதவருக்கும் தண்டனை.

தையல் அக்காவைக் கேட்டுவிட்டு முடிவு செய்வது என்று நிறுத்தினோம்.

மே 14, செவ்வாய்

வீடு திரும்பினார். ஜன்னல் அக்கா எழுந்து வந்து வாசலில் நின்றார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் அவர் ஜன்னலை விட்டு எழுந்து வருவதே பெரிய விஷயம்.

உள்ளே போனதும் தையல் அக்கா அலமாரியைத் திறந்து பார்த்தார். "டப்பாவ எடுத்துட்டீங்களா பாப்பா?"

"இங்கதான்க்கா இருக்கு. மாத்திரைதான் இப்போ நிறுத்தியிருக்கு."

நடந்ததை எல்லாம் சொன்னேன். என் தவறையும் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "நீ சொல்லல, நானும் கேக்கல. முட்டி வலிக்குப் போயி இவ்ளோ ஆகும்னு யாருக்குத் தெரியும்" என்றார்.

மே 22, புதன்

டாக்டர் இரண்டு வழி சொன்னார்: குறைந்த அளவில் மறுபடி லித்தியம், இல்லையென்றால் வேறு மருந்து. என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். "வேற மருந்துல பகலெல்லாம் தூங்குனேன் சார். இதுலதான் மெஷின்ல உக்கார முடியுது" என்றார் அக்கா. லித்தியம் தொடர்கிறது.

மாலையில் ஒரு காகிதம் தயார் செய்தோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

"நான் லித்தியம் சாப்பிடுறேன். வலின்னா பாராசிட்டமால் மட்டும் குடுங்க. வாந்தி, பேதி, தள்ளாட்டம் வந்தா மாத்திரைய நிறுத்திட்டு உடனே போன் பண்ணுவேன். வெயில்ல தண்ணி நிறைய. சாப்பாட்டு உப்ப திடீர்னு குறைக்க மாட்டேன்."

ஒரு பிரதி சமையலறைச் சுவரில், இன்னொன்று லேமினேட் செய்து சுருக்குப் பையில்.

ஜூன் 3, திங்கள்

காலையில், கடைசி மாத்திரை போட்டுச் சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்தோம். மாலை ரிப்போர்ட்டில் 0.7. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் சரியாக இருக்கிறது. டப்பாவை அவரே நிரப்பினார், நான் எண்ணினேன், சரி.

முட்டிக்கு ஃபிசியோதெரபி தொடங்கியாயிற்று. பழைய மெஷினுக்கு மோட்டார் மாட்ட முடியுமா என்று விசாரித்து வைத்திருக்கிறேன்.

போன வாரம் தெரு முனை மருந்துக் கடையில் ஜன்னல் அக்காவுக்குத் தலைவலி மாத்திரை வாங்கப் போனவர், தனக்கு இல்லாவிட்டாலும் அந்தக் காகிதத்தைக் கடைக்காரரிடம் காட்டிப் படிக்க வைத்திருக்கிறார். "இன்னொருத்தருக்கும் உதவும்ல" என்றாராம்.

நாளை பத்தரைக்கு ஜன்னல் அக்காவோடு ஆதார் மையம். விரல் ரேகை மறுபடி விழாவிட்டால் கருவிழியை வைத்துப் பதிய முடியுமா என்று கேட்க வேண்டும். துணைக்குத் தையல் அக்காவும் வருகிறார்.