கொழும்பு வேலைக்கான நேர்முகங்கள்

யூன் 12, 2025

காலையில் கம்பனியின் எச்.ஆர். பிரிவிலிருந்து அழைப்பு. கடைசி வருடப் புரொஜெக்ட் என்ன, கொழும்பில் வந்து இருக்கச் சம்மதமா என்று கேட்டார்கள். சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்றதற்கு, வேலையின் விபரம் தெரிந்த பிறகு சொல்கிறேன் என்றேன். சரி என்றார்கள்.

யூன் 17

ஆன்லைன் தேர்வு, 90 நிமிடம். இடையில் கரண்ட் போகுமோ என்ற பயத்தில் கொக்குவிலில் வீட்டில் இருக்காமல் திருநெல்வேலியில் சிநேகிதி வீட்டுக்குப் போய்ச் செய்தேன். ஒழுங்காகப் போனது.

யூன் 25

இன்று தொழில்நுட்ப நேர்முகம், சூமில். ஒரு கேள்வி மிகவும் பிடித்தது. டேட்டாபேஸில் கோடிக்கணக்கான ஓடர்கள் உள்ள ஓர் அட்டவணை. ஒரு வாடிக்கையாளரின் போன மாத ஓடர்களைத் தேடி எடுக்கும் கட்டளை (குவெரி) மெதுவாக ஓடுகிறது, என்ன செய்வீர்கள்?

முதலில், டேட்டாபேஸ் எப்படித் தேடப் போகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் கட்டளையைப் போட்டு, முழு அட்டவணையையும் வாசிக்கிறதா என்று பார்ப்பேன் என்றேன். அப்படியென்றால் வாடிக்கையாளர் இலக்கம், திகதி இரண்டையும் சேர்த்து ஓர் இன்டெக்ஸ், அதாவது வேகமாகத் தேட உதவும் வரிசைப்படுத்திய பட்டியல். "திகதியை முன்னுக்குப் போட்டால் என்ன?" என்றார் நேர்முகம் எடுத்தவர். பஸ் நிலைய நேர அட்டவணையைச் சொல்லி விளங்கப்படுத்தினேன். ஊர் வாரியாக இருந்தால் பருத்தித்துறை என்ற இடத்துக்கு நேரே போய்க் காலை பஸ்களைப் பார்க்கலாம். நேர வாரியாக இருந்தால் காலையில் வெளிக்கிடும் எல்லா ஊர் பஸ்களையும் வாசித்துத்தான் பருத்தித்துறையைப் பொறுக்க வேண்டும். அதற்குப் பிறகு, இன்டெக்ஸ் கூடக் கூடப் புதிதாக எழுதுவது மெதுவாகும் என்பது வரைக்கும் கதைத்தோம். மனம் நிறைந்த ஒரு மணித்தியாலம்.

யூலை 3

இரவு பஸ்ஸில் வந்து விடிய வெள்ளவத்தையில் இறங்கி, மாமி வீட்டில் குளித்து நேரடி நேர்முகத்துக்கு வெளிக்கிட்டேன். உள்ளே மூன்று பேர். குழுவில் கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள் என்பதில் தொடங்கி நன்றாகத்தான் போனது. கடைசியில், "இரண்டு வருடத்தில் கனடா, லண்டன் என்று போய்விடுவீர்களா?" என்றார் ஒருவர். இப்போதைக்கு அப்படித் திட்டம் இல்லை என்றேன். யாழ்ப்பாணம் என்றதும் இதைக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கொழும்புப் பிள்ளைகளும்தான் வெளிநாடு போகிறார்கள்.

யூலை 9

வேலை தருகிறார்கள்! மாதம் 140,000 ரூபாய். அம்மா நல்லூருக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார்.

பின்னேரம் பெரியம்மாவின் மகள் வந்து வேலைக் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். கணக்குப் பிரிவில் வேலை செய்பவர். "அடிப்படைச் சம்பளம் 80,000தானே? மிச்சம் 60,000மும் பயணம், ரெலிபோன் என்று போட்டிருக்கினம்" என்றார். அந்தக் கடிதத்தின்படி, ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு என்னிடம் 8 வீதம் பிடிப்பதும், கம்பனி 12 வீதம் போடுவதும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவர்கள் போடும் 3 வீதமும் அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும்தான். ஐந்து வருடம் வேலை செய்தால் வரும் பணிக்கொடையும் அப்படியே.

மொத்தத்தை மாற்றாமல் அடிப்படையை 110,000 ஆக்கினால் கைக்கு 2,400 குறையும். கம்பனி என் பெயரில் மாதம் 4,500 கூடப் போட வேண்டும்.

அப்பாவுக்குப் பயம். "தந்ததை வாங்கு பிள்ளை, கேட்கப் போய் வேலையே இல்லையெண்டு போயிடும்" என்றார். "கேளடி, ஒருத்தரும் கோவிக்க மாட்டினம்" என்றார் அக்கா. நான் அக்கா பக்கம். நாலு வருடம் படித்ததில் இதை ஒருவரும் சொல்லித் தரவில்லை. கம்பியூட்டர் படிக்கிற பிள்ளைகளுக்கு கோடிங் சொல்லிக் கொடுக்கும்போதே இந்தக் கடிதத்தை வாசிக்கவும் பழக்க வேண்டும்.

இரவே, அடிப்படையைக் கூட்டித் தர முடியுமா என்று மரியாதையாக ஒரு மெயில் போட்டேன்.

யூலை 14

பதில் வந்தது. அடிப்படை 100,000, மொத்தம் அதே 140,000. அது போதும், கையொப்பம் வைத்து அனுப்பிவிட்டேன். ஓகஸ்ட் 4 வேலை தொடக்கம். வெள்ளவத்தைப் பக்கம் அறை பார்க்கச் சொல்லி மாமிக்குக் கோல் எடுத்திருக்கிறேன். எத்தனை மாத அட்வான்ஸ் என்பதையும் இந்த முறை முதலே கேட்கச் சொன்னேன்.