ஏற்காட்டுப் பனியில் ஒரு கிள்ளான்காரியின் தோட்டம்

நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவில், கிள்ளானில். அங்கே பகலில் 32, 33 டிகிரி, ராத்திரியில் 24. ஜனவரியிலும் அதுதான், ஜூலையிலும் அதுதான். மழை கூடும், குறையும், அவ்வளவே. செடி வைக்க மாதம் பார்க்கும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. கையில் விதை கிடைத்த அன்றைக்கே ஊன்றுவோம், முளைத்துவிடும். கல்யாணமாகி ஏற்காட்டுக்கு வந்த பிறகுதான், தண்ணீரும் உரமும் இருந்தும் ஒரு செடி மாதக்கணக்கில் அப்படியே நிற்கும் என்பதைப் பார்த்தேன்.

என் தாத்தா சேலம் பக்கத்திலிருந்து ரப்பர்த் தோட்டத்து வேலைக்குக் கப்பலேறியவர். அதனால் இங்கே பலரும் என்னைப் பார்த்து, "சொந்த ஊருக்கே வந்துட்ட" என்று சந்தோஷப்பட்டார்கள். அவர்கள் அன்பு புரிந்தது. ஆனால் எனக்கு இது புது நாடுதான். இந்தியரைக் கல்யாணம் செய்துகொண்ட வெளிநாட்டவர், இங்கே நீண்ட காலம் தங்க உதவும் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்க, கல்யாணம் பதிவாகி இரண்டு வருடமாவது முடிந்திருக்க வேண்டும். அந்த இடைக்காலத்தில் நான் வேலைக்கும் போகவில்லை, பேசிப் பழக ஆட்களும் அதிகம் இல்லை. வீட்டைச் சுற்றி மூன்று அடுக்காகச் சரிந்து கிடந்த நிலம்தான் எனக்குத் துணை.

மலேசியாவின் கேமரன் மலையைப் பார்த்திருக்கிறேன் என்பதால் மலைக்குளிர் எனக்குப் பழக்கம்தான் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அங்கேயுள்ள தானா ராத்தா ஊரும் ஏற்காடும் ஏறக்குறைய ஒரே உயரம், 1,400, 1,500 மீட்டர். ஆனால் கேமரனில் வருடம் முழுக்க ஒரே மாதிரியான குளிர்ச்சி. அங்கே பயிர்களுக்குத் தனியாகக் குளிர்காலம் என்று ஒன்று இல்லை. ஏற்காட்டில் ஏப்ரல் மதியம் 30 டிகிரியைத் தொடுகிறது, ஜனவரி விடியற்காலை 12, 13க்கு இறங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் பனி வந்து உட்கார்ந்துகொள்கிறது. சில நாள் ஒன்பது, பத்து மணி வரை எதிர் வீட்டுக் கூரைகூடத் தெரியாது. நாலு மணிக்கு மேல் சில்வர் ஓக் மரங்களின் நிழல் நீண்டு வந்து பாத்தியை மூடிவிடும். நடுவில் கிடைக்கும் வெயில்தான் செடிக்குச் சாப்பாடு.

முதல் பனிக்காலத்தில் நான் வளர்க்க ஆசைப்பட்டதெல்லாம் கிள்ளான் சமையலறைச் சாமான்கள்: பண்டான் என்ற வாசனை இலை, செரை, கங்கோங் கீரை, சிலி பாடி என்ற குட்டி மிளகாய். வெளிநாட்டிலிருந்து செடி கொண்டுவர இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். அதனால் அங்கிருந்து எதையும் எடுத்து வரவில்லை. பண்டான் கேரளத்து நர்சரியில் ரம்ப இலை என்ற பெயரில் கிடைத்தது. செரை என்பது எலுமிச்சைப் புல்தான், அது இங்கேயே எல்லா நர்சரியிலும் இருக்கிறது. எலுமிச்சைப் புல் நுனி காய்ந்தாலும் குத்தாக நின்று குளிரைத் தாங்கியது. பண்டான் ஒரு குருத்துகூட விடவில்லை. கங்கோங் விரல் நீளத்தில் நின்று மஞ்சளானது. சிலி பாடி பூத்துப் பூத்து உதிர்ந்தது. இவையெல்லாம் சூடான மண்ணுக்குப் பிறந்தவை. மண் குளிர்ந்துவிட்டால் வேர் சத்தை இழுக்காது. அந்த நேரத்தில் உரத்தைக் கொட்டுவதால் ஒரு பிரயோசனமும் இல்லை. பண்டானைத் தொட்டியோடு சமையலறை ஜன்னலுக்குள்ளே மாற்றினேன். இப்போது வருடா வருடம் கார்த்திகை பிறந்ததும் அது உள்ளே வந்துவிடும், பங்குனியில் வெளியே போகும்.

இந்த மலையின் கணக்கை எனக்குச் சொல்லித் தந்தவர் பக்கத்துக் கிராமத்து ஆயா ஒருவர். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி என்ற பழங்குடி மக்களைச் சேர்ந்தவர்; கேரளத்து மலையாளிகள் வேறு. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் எங்கள் தெரு வழியாகத்தான் எஸ்டேட்டுக்குப் போவார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு நாள், "பனி இறங்கற நேரத்துல தண்ணி ஊத்தாத கண்ணு. வெயில் வந்து இலை காயட்டும், அப்புறம் வேருக்கு மட்டும் ஊத்து" என்றார். கிள்ளானில் சாயங்காலம்தான் தண்ணீர் ஊற்றுவோம், வெக்கைக்கு அதுதான் சரி. இங்கே சாயங்காலம் நனைந்த இலை மறுநாள் பத்து மணி வரை ஈரமாகவே இருக்கிறது. பூஞ்சணத்துக்கு அது போதும்.

என் காலைப் பொழுது அதற்கேற்ப மாறியது. எழுந்ததும் தண்ணீர் ஊற்ற ஓடுவதில்லை. முதலில் நத்தை. பனியில் அவை முட்டைக்கோஸ் குருத்துக்குள் போய் ஒண்டிக்கொள்ளும், வெளிச்சம் ஏறுவதற்குள் பொறுக்கிவிட வேண்டும். அப்புறம் காப்பி. வெயில் தட்டியதும் அவரைப் பந்தல்.

அவரையைப் பற்றி மட்டும் நான் நிறையச் சொல்வேன். ஆடியில் ஊன்றிய நாட்டு அவரை புரட்டாசி வரை கொடியாகவே ஓடுகிறது, ஒரு பூ இல்லை. பகல் சுருங்க ஆரம்பித்ததும் கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. பகல் நீளம் குறைந்தால்தான் நாட்டு அவரையும் மொச்சையும் பூவெடுக்கும். இந்த மலை 12 டிகிரி அட்சரேகையை ஒட்டி இருப்பதால் மார்கழியில் பகல் பதினொன்றரை மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு. பூமத்திய ரேகைக்கு அருகே இருக்கும் கிள்ளானில் இந்த வித்தியாசம் மிகவும் சொற்பம். தைப்பொங்கல் குழம்பில் அவரையும் மொச்சையும் ஏன் கட்டாயம் இருக்கின்றன என்பதற்குப் பதில் என் பந்தலிலேயே கிடைத்தது. கிள்ளானில் நாங்களும் பொங்கல் வைத்தோம், பால் பொங்கியதும் கூவினோம், காய்களைப் பசாரில் வாங்கினோம். ஆனால் நிலம் அந்த மாதத்தில் எதைக் கொடுக்கிறதோ அதைச் சமைப்பது எப்படி இருக்கும் என்று ஏற்காட்டில்தான் அனுபவித்தேன். அன்றைக்கு அடுப்படியில் எனக்குக் கண் கலங்கியது.

வானம் மூடாக்காக இருக்கும் நாட்களில் அவரைக் கொழுந்தில் அசுவினி கறுப்பாக அப்பிக்கொள்ளும். ஆயா சொன்ன வைத்தியம் அடுப்புச் சாம்பல்: பனி ஈரம் இலையில் இருக்கும்போதே தூவினால் ஒட்டிக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து, வெயில் தணிந்த பிறகு, இலை இருட்டுவதற்குள் காயும்படி அடிக்கிறேன்.

பூசணிக்கு வேறு சிக்கல். மார்கழிக் கோலத்தில் சாணிப் பிள்ளையார் மேல் வைக்கப் பூசணிப் பூ வேண்டும், கொடியும் அப்போது நிறையவே பூக்கிறது. ஆனால் பூ விரிவது விடியற்காலையில். குளிரில் தேனீ வெளியே வரத் தாமதமாகும், வருவதற்குள் பூ வாட ஆரம்பித்துவிடும். அதனால் ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் நானே தடவி விடுகிறேன். கோலத்துக்கும் ஆண் பூக்களைத்தான் பறிப்பேன். அடியில் குட்டிக் காய் இருக்கும் பூவைத் தொடுவதில்லை.

தக்காளியை மலையில் இந்தப் பருவத்தில் நான் வைப்பதே இல்லை. குளிரில் இலையின் அடிப்பக்கம் ஊதாவாகிவிடும், குளிர்ந்த மண்ணிலிருந்து மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எடுக்க முடியாததன் அடையாளம் அது. கூடவே பனி ஈரத்தில் இலைக்கருகல் வந்து சில நாளில் செடி முழுக்கக் கறுத்துவிடும். அதே மாதத்தில், 20 கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே, சேலம் அஸ்தம்பட்டியில் அத்தை வீட்டு மாடியில் தக்காளி கொத்துக் கொத்தாகக் காய்க்கிறது. அங்கே மார்கழி ராத்திரி 18, 19 டிகிரி, தக்காளிக்கு இதைவிட நல்ல காலம் இல்லை. ஆகவே எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. மேலேயிருந்து பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸ், கொத்தமல்லி கீழே போகும். கீழேயிருந்து தக்காளியும் கத்திரிக்காயும் மேலே வரும். அத்தைக்கும் எனக்கும் பேச்சு வளர்ந்தது இந்தப் பைகளால்தான். ஆரம்பத்தில் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதோடு நின்ற பேச்சு, இப்போது "கேரட் ஏன் இந்த முறை கவையடிச்சிருக்கு, மண்ணுல கல்லு பொறுக்கலையா?" என்று உரிமையோடு கேட்கும் அளவுக்கு வந்திருக்கிறது.

அத்தை வீட்டில் ஒரு மல்கோவா மரமும் உண்டு. எங்கள் கிள்ளான் வீட்டு மாமரம் நினைத்த மாதத்தில் பூக்கும், அடுத்த மழையில் கொட்டிவிடும். தீபகற்ப மலேசியாவின் வடகோடியில், வறண்ட பருவம் ஒன்று இருக்கும் பெர்லிஸில்தான் ஹருமானிஸ் மாம்பழம் பேர் பெற்றது. மாமரத்துக்குக் குளிர்ந்த ராத்திரியும் காய்ந்த மண்ணும் சேர்ந்து வேண்டும். சேலத்து மாம்பழத்தின் பேருக்குப் பின்னால் இந்த இரண்டு மாதக் குளிரும் இருக்கிறது. பூவெடுத்த பிறகு பனி மிஞ்சினால் சாம்பல் நோய் வரும் என்பதால் தை மாதம் முழுக்க அத்தை தினமும் கொம்பை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பார்.

எங்கள் வேலியோரம் கொஞ்சம் அராபிக்கா காப்பிச் செடிகள். இந்த மலைக்குக் காப்பி வந்தது 1820களில், அன்றைய சேலம் கலெக்டர் காக்பர்ன் மூலம் என்பார்கள். பழம் சிவப்பது சரியாகப் பனிக்காலத்தில். பறிப்பது சுலபம், காய வைப்பதுதான் பாடு. ஒன்பது மணிக்குப் படுதாவை விரித்து, நாலு மணிக்கு மூடி, நடுவில் கிளறி, இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். ஒரு ராத்திரிப் பனி பட்டால் பூஞ்சணம் பிடித்து வாடை வந்துவிடும். ஆயா ஒரு பிடியை எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்ப்பார். உள்ளே கொட்டை கடகடவென்று ஆடினால்தான் மூட்டை கட்டச் சொல்வார்.

குரங்குகள் கொய்யாவையும் சௌசௌவையும் எடுத்துக்கொள்கின்றன. வலை போட்டிருக்கிறேன், பாதி காப்பாற்றும். காட்டெருமை வரும் என்பதால் பனி இறங்கிய பிறகு கீழ் அடுக்குக்கு யாரும் போவதில்லை.

பூக்களில் சாமந்தியும் டிசம்பர் பூவும் இந்தக் காலத்துக்கே உரியவை. குண்டு மல்லி குளிரில் அரும்பு கட்டாது. தையில் சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டில் அதன் விலையைக் கேட்டால் கை பின்வாங்கும். ஆகவே ஊதா நிற டிசம்பர் பூவைத் தொடுத்து வைத்துக்கொள்கிறேன். வாசனை இல்லாவிட்டாலும் எனக்கு அதுதான் இப்போது பிடித்த பூ.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்த மாதங்களில் மழை இருக்காது. பனி இலையை நனைக்குமே தவிர வேருக்கு எட்டாது, காற்று மண்ணை உறிஞ்சிவிடும். சில்வர் ஓக் சருகையும் காப்பித் தொலியையும் கனமாகப் பரப்பினால்தான் ஈரம் நிற்கிறது. பந்தலில் முற்றவிட்ட அவரை நெற்றுகளை உரித்துச் சாம்பலில் புரட்டி வைப்பதும் அப்போதுதான்.

அம்மா இந்த வருடம் வருகிறார். வெயில் காலத்தில், மே மாத மலர்க் கண்காட்சிக்கு வரத்தான் முதலில் டிக்கெட் பார்த்தார். அதை மாற்றி, மார்கழிக் கடைசியில் வந்து தை முழுக்க இருங்கள் என்று சொல்லிவிட்டேன். ஸ்வெட்டர் அத்தை வாங்கி வைத்திருக்கிறார். பந்தலில் ஒரு பக்கத்து அவரையைப் பறிக்காமல் அம்மாவுக்கென்று விடப்போகிறேன்.