இது எத்தனை நாளைக்குங்க?

சர்க்கரை நோய்க்கு எதை, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று எழுதிய உணவுச் சீட்டைக் கையில் வாங்கியதும் முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒரே கேள்விதான்: "இது எத்தனை நாளைக்குங்க?"

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு மருத்துவமனையில் உணவு ஆலோசகராகச் சேர்ந்த புதிதில், "ஆயுசு முழுக்க" என்று பட்டென்று சொல்லிவிடுவேன். முகம் வாடிவிடும். சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்துபோவார்கள். அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் பிடிபட இரண்டு மூன்று வருடம் ஆனது.

பத்தியம் என்றால் நம் ஊரில் அதற்கு ஒரு முடிவு நாள் உண்டு. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி குடித்தால் உப்பும் எண்ணெயும் இல்லாமல் இத்தனை நாள். அம்மை போட்டால் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை. பிள்ளை பெற்ற வீட்டில் பூண்டுக் குழம்பு சில வாரம். அந்த நாட்களில் நம் ஜனங்களைப் போல வாயைக் கட்டுபவர்களைப் பார்க்க முடியாது. நாள் முடிந்ததும் வழக்கமான சாப்பாடு, அதோடு நோயும் முடிந்த கணக்கு. சர்க்கரை நோய்க்கும் நாங்கள் "பத்தியம்" என்றுதான் சொன்னோம். அவர்களும் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தமோ அதைத்தான் செய்தார்கள்.

லாரி ஓட்டும் ஒருவர் நாற்பத்தைந்து நாள் இனிப்பைத் தொடவில்லை. இரவுக்கு இரண்டே சப்பாத்தி. வெறும் வயிற்று அளவு 180லிருந்து 110க்கு வந்திருந்தது. ரிசல்ட்டை என் மேஜையில் வைத்து, "சரியாப் போச்சு மேடம்" என்றார். அப்புறம் எட்டு மாதம் ஆளைக் காணவில்லை. திரும்பி வந்தபோது கால் கட்டைவிரலில் ஆறாத புண். "சரியாப் போச்சு" என்று அவர் சொன்ன அன்று நான் சிரித்துக்கொண்டே பாராட்டி அனுப்பியிருந்தேன். அளவு குறைந்திருக்கிறது, நோய் போகவில்லை என்று ஒரு வரி சொல்லவில்லை. அந்த வரியை இப்போது யாருக்கும் சொல்லாமல் விடுவதில்லை.

டெஸ்ட்டுக்கு முன்னால் மூன்று நாள் பத்தியம் இருப்பவர்கள் இன்னொரு வகை. கோயிலுக்கு மாலை போட்டதைப் போல அந்த மூன்று நாளும் சுத்தமாக இருப்பார்கள். வெறும் வயிற்று ரத்தத்தில் அளவு நன்றாக வரும். ஆனால் மூன்று மாத சர்க்கரை என்று நாங்கள் சொல்லும் ஹெச்பிஏ1சி வேறு கதை சொல்லும். ரத்தச் சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை அளக்கும் டெஸ்ட் அது. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அதில் ஒட்டிய சர்க்கரையை மூன்று நாள் பத்தியம் கரைக்காது. அதைக் காட்டி "ஏமாத்தாதீங்க" என்று சொல்லும் ஊழியர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது ஏமாற்றாகத் தோன்றியதே இல்லை. பரீட்சைக்கு முந்தின நாள் விழுந்து விழுந்து படிக்கும் பிள்ளையின் பயம்தான் அது. டாக்டர் திட்டுவாரே என்ற பயம். திட்டுவதை நிறுத்தினால் உண்மையான அளவோடு வருவார்கள். என் அனுபவத்தில் அப்படித்தான் வந்தார்கள்.

களி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கம் கேழ்வரகுக் களி அன்றாடச் சாப்பாடு. அறுபது வயது விவசாயி ஒருவர், சோற்றை விட்டு ஒரு வருடம் ஆகிறது என்றார். அவர் பொய் சொல்பவர் இல்லை. ஆனால் சாப்பிட்ட பிறகு எடுத்த அளவு 300க்குக் கீழே இறங்கவே இல்லை. மாத்திரையைக் கூட்டியும் பலனில்லை. அடுத்த முறை வரும்போது மதியச் சாப்பாட்டை அப்படியே கொண்டுவரச் சொன்னேன்.

மருமகள் தூக்குச்சட்டியில் கொண்டுவந்தார். திறந்ததும் இரண்டு உருண்டை. ஈரக் கையால் உருட்டிய பளபளப்பு இன்னும் போகவில்லை. ஒவ்வொன்றும் சின்னத் தேங்காய் அளவு. பக்கத்தில் கிண்ணத்தில் கீரைக் கடைசல். "இதுக்கு மாவு எவ்வளவும்மா போடுவீங்க?" என்று கேட்டேன். "கால் கிலோ இருக்கும்ங்க. மாமா காட்டு வேலைக்குப் போறவரு, பத்தாதுங்களே" என்றார்.

நூறு கிராம் பச்சரிசியில் மாவுச்சத்து ஏறக்குறைய 78 கிராம். கேழ்வரகில் 67. கோதுமை மாவில் 64. வித்தியாசம் அவ்வளவுதான். கேழ்வரகில் நார்ச்சத்து அதிகம், கால்சியம் அரிசியைவிடப் பல மடங்கு. நல்ல தானியம், சந்தேகமே இல்லை. ஆனால் கால் கிலோ மாவு என்றால் 160 கிராமுக்கு மேல் மாவுச்சத்து, ஒரே வேளையில். ஏறக்குறைய பதினைந்து இட்லி. நைசாக அரைத்த மாவு என்பதால் ரத்தத்தில் சீக்கிரமே ஏறவும் செய்யும்.

அவர் எங்கள் பேச்சை மீறவில்லை. எங்கள் சீட்டில் "அரிசியைக் குறைத்து சிறுதானியம் சேர்த்துக்கொள்ளவும்" என்று அச்சடித்திருந்தது. அவர் அரிசியைக் குறைத்தார், சிறுதானியம் சேர்த்துக்கொண்டார். எவ்வளவு என்று நாங்கள் எழுதவில்லை. "கொஞ்சம்", "குறைவாக", "அளவோடு" என்ற சொற்களுக்கு ஒவ்வொரு வீட்டுத் தட்டிலும் ஒவ்வொரு அளவு இருக்கிறது. கோதுமைக்கு மாறிய பலர் ஆறு சப்பாத்தி சாப்பிடுவதும் இதே காரணத்தால்தான்.

அன்று அந்த மருமகளிடம் ஒரு உருண்டையைப் பாதியாகப் பிரித்து, அந்தப் பாதியை மட்டும் தட்டில் வைக்கச் சொன்னேன். கீரையை இரண்டு பங்காக்கி, கூடவே வேகவைத்த கொள்ளோ முட்டையோ. பெரியவர் தட்டைப் பார்த்தார். "வயிறு ரொம்பாதே கண்ணு" என்றார். அது நியாயமான கவலை, உடம்பு உழைக்கிற ஆள். பாதி உருண்டை பேச்சுக்கு நல்லது, வெயிலில் களை வெட்டுபவருக்கு நடக்காது. கடைசியில் ஒரு உருண்டை என்று முடிவானது. முழுவதும் சரியான அளவா என்றால் இல்லை. ஆனால் அவர் அதைக் கடைப்பிடித்தார். நான்கு மாதத்தில் 300 என்பது 210 ஆனது.

அதிலிருந்து யார் வந்தாலும், "வீட்ல யார் சமைக்கிறது?" என்றுதான் ஆரம்பிக்கிறேன். எதிரே உட்கார்ந்து தலையாட்டும் ஆணின் கையில் கரண்டி இருப்பதில்லை. நோயாளி பெண்ணாக இருந்தால் சிக்கல் இன்னும் ஆழம். எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சியதுதான் அவர்களுக்கு அளவு. காய் தீர்ந்திருக்கும், சோறு மீந்திருக்கும். வீணாகக் கூடாதென்று அதையும் தட்டில் போட்டுக்கொள்வார்கள். "காயை நிறையச் சாப்பிடுங்க" என்று அவர்களிடம் சொல்லும்போது எனக்கே குரல் கம்மும். ரேஷன் அரிசியில் குடும்பம் நடத்துபவர்களுக்கு ஓட்ஸும் ஆப்பிளும் எழுதிய சீட்டு எதற்கு? அந்த இரண்டையும் அடித்துவிட்டு, கேட்டுக் கேட்டு, கொய்யாவும் கொள்ளும் அச்சடிக்க வைத்தேன்.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எதுவும் விதிவிலக்கு இல்லை. நூறு கிராம் வெல்லத்தில் எண்பது கிராமுக்கு மேல் சர்க்கரைதான். பாகற்காய் ஜூஸ் குடிப்பவர்கள் குடிக்கட்டும், மாத்திரையை நிறுத்தாதவரை எனக்குச் சண்டையில்லை. மாம்பழம் வேண்டாம் என்று மாந்தோப்புக்கு நடுவே குடியிருப்பவர்களிடம் சொல்லிப் பார்த்தேன், பலிக்கவில்லை. இரண்டு துண்டு, சாப்பாட்டோடு வேண்டாம், அன்றைக்குச் சோறு ஒரு கரண்டி குறைவு என்று சொன்னபோதுதான் காது கொடுத்தார்கள்.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கியது எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். மாத்திரை இப்போது வீட்டு வாசலுக்கே வருகிறது. சாப்பாட்டைப் பற்றிய பேச்சும் அதே போல அடுப்படி வரை போக வேண்டும் என்று ரொம்ப ஆசைப்படுகிறேன்.

ஒரு அமாவாசை அன்று பதினோரு மணிக்கு ஒரு பாட்டியை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். சேலை வியர்வையில் நனைந்திருந்தது, கை நடுங்கியது, பேச்சு குழறியது. குளுக்கோமீட்டரில் 48. சர்க்கரையைக் குறைக்கும் கிளிபென்கிளமைடு மாத்திரையைக் காலையில் ஒழுங்காகப் போட்டிருக்கிறார். அமாவாசை விரதம் என்பதால், படையல் போட்டுக் காக்கைக்கு வைக்கும் வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. விழுங்க முடிந்ததால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் 80 தாண்டியது, கண்ணில் தெளிவு வந்தது. "மாத்திரைய விடக் கூடாதுன்னு நீதானே சொன்ன" என்றார். சொன்னது நான்தான். விரத நாள் உண்டா என்று நான் கேட்கவே இல்லை.

அவர் மருமகள் காட்டிய காலண்டரில் அமாவாசை, கிருத்திகை எல்லாவற்றையும் வட்டம் போட்டுக்கொண்டோம். டாக்டர் அந்த நாட்களுக்கு மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்கு மாற்றி எழுதிக்கொடுத்தார்.

போன ஆடியில் மாத்திரை வாங்கும் நாளுக்கு முன்பே பாட்டி வந்து வரிசையில் நின்றார். உடம்புக்கு ஒன்றும் இல்லை. என் மேஜைக்கு வந்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்து மாத்திரை அட்டையை எடுத்து வைத்தார்.

"வர்ற வியாழக்கெழம ஆடி அமாவாச. ராமேஸ்வரம் போறோம், படையல் முடிய மூணு மணி ஆவும். அன்னைக்கு இத எப்பக் கண்ணு போடணும்?"

அட்டையை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன்.