ஓ பாசிட்டிவ்

ஜூன் 3
மாற்று இதயத்துக்குக் காத்திருக்கும் இவருக்கு ஒரு நாளைக்குத் தண்ணீர் 900 மில்லி. ரசத்தையும் கணக்கில் சேர்க்கச் சொல்கிறார்கள். கொழுந்தன் ஆசையாக வாங்கி வந்த நுங்கும் தண்ணீர்க் கணக்குதானாம். நானே தின்றேன்.

ஜூன் 5
போன் வரவில்லை.

ஜூன் 8
ஓ பாசிட்டிவ் ரத்தத்தை எந்த பாசிட்டிவ் குரூப்பாருக்கும் ஏற்றலாம் என்று கல்யாணமான புதிதில் இவர் பெருமை பேசுவார். இதயமும் அப்படித்தானாம். ஓ குரூப்பாரின் இதயம் யாருக்கும் பொருந்தும். ஓ குரூப்பாருக்கோ இன்னொரு ஓ மட்டும்தான். அதனால் வரிசை நகராது. இவர் ஆறடி வேறு. சின்ன உடம்பின் இதயம் இந்த உடம்புக்கு ஓடிக் கொடுக்காதாம். ஆக, ஆறடிக்குக் கிட்டத்தட்ட ஒரு ஆள், ஓ குரூப், மூளைச்சாவு. மூன்றையும் சேர்த்து எந்தச் சாமியிடம் போய்க் கேட்பது? பேப்பர் வாங்குவதை நிறுத்திவிட்டேன். விபத்துச் செய்தி வந்தால் கண் வயசைத்தான் தேடுகிறது.

ஜூன் 9
நுரையீரல் அழுத்தம் பரவாயில்லை என்று ரிப்போர்ட். அது ஏறிக் கிடந்தால் புது இதயத்தின் வலப்பக்கம் தாங்காதாம். உறுப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் அரசு அமைப்பான டிரான்ஸ்டானின் பட்டியலில் பெயர் நிற்கும். ஒரு டம்ளர் காபி குடித்தேன், இவர் பார்க்காத இடத்தில்.

ஜூன் 13
ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டார்கள். வெறும் வயிறு, நெஞ்சில் சவரம், கையெழுத்து எல்லாம் முடிந்தது. எடுத்த இதயத்தை நாலு மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும். 2008ல் மூளைச்சாவடைந்த ஹிதேந்திரனின் இதயம் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குப் போனது நினைவு வந்தது. அந்தப் பையனின் அப்பா அம்மா இரண்டு பேரும் டாக்டர்கள். டாக்டர் என்றால் மட்டும் கையெழுத்துப் போடக் கை வந்துவிடுமா?

விடிந்ததும் வந்து சொன்னார்கள், எக்கோ ஸ்கேனில் அந்த இதயம் சரியில்லை, எடுக்கவில்லை என்று. சிறுநீரகமும் கல்லீரலும் வேறு ஆட்களுக்குப் போகிறதாம். இவர் "சரி, தண்ணி குடு" என்றார். 50 மில்லி.

ஜூன் 14
850.

ஜூன் 17
அதுவரை தாக்குப்பிடிக்க இதயத்துக்குத் துணையாக ரத்தத்தை இறைக்கும் எல்வேட் மிஷின் வைக்கலாமாம். கொழுந்தன் ஆத்தங்கரை வயலைப் பற்றிப் பேச்செடுத்தார். அதை விற்றால் பாதிகூடத் தேறாது. பேசாமல் எழுந்து வந்துவிட்டேன்.

ஜூன் 20
பயாப்ஸிக்கு வந்தவர் ஒருவர், மாஸ்க்கோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆபரேஷன் முடிந்து மூன்று வருஷமாம். கழுத்து ரத்தக் குழாய் வழியே உள்ளே போய் இதயத்தில் துணுக்கு எடுப்பார்களாம், உடம்பு அதை ஒதுக்குகிறதா என்று பார்க்க. அப்படி ஒதுக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரை காலை எட்டு, இரவு எட்டு, தவறவே கூடாது; பம்ளிமாஸ் தொடக் கூடாது. புது இதயத்துக்கு நரம்புத் தொடர்பு அறுந்துபோவதால் மாடிப்படி ஏறினால் அது மெதுவாகத்தான் வேகம் பிடிக்கிறதாம். நான் எவ்வளவோ கேட்டேன். இவர் கேட்டது ஒன்றுதான்: "தண்ணி எவ்வளவுங்க குடிக்கலாம்?"

"தாகம் எடுத்தா குடிக்கிறேன் சார்."

ராத்திரி முழுக்க இவர் தூங்கவில்லை.

ஜூன் 22
வீக்கம் முழங்கால் வரை. இதயத்தை உந்தும் டோபுடமின் மருந்து ஏறுகிறது. 700.

ஜூன் 23
விடிகாலையில் போன். கை நடுங்கி எடுத்தால் கொழுந்தன். "மதினி, நெல்லை எக்ஸ்பிரஸ் தாம்பரம் தாண்டிட்டு, டிபன் வாங்கிட்டு வரவா?" என்கிறார். இந்த நம்பருக்குக் கூப்பிடாதீங்க, பையன் நம்பருக்குக் கூப்பிடுங்க என்று எத்தனை தடவைதான் சொல்வது.