ஐப்பசி மழையும் ஒரு டிஸ்க் இமேஜும்

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. போன வருஷம் ஒரே நாளில் நாலு தடவை போய் வந்ததில் கம்ப்யூட்டர் பூட் ஆகவே பத்து நிமிஷம் எடுக்க, பயந்துவிட்டேன், ஏனென்றால் அப்பாவின் பச்சைத் தேயிலைக் கணக்கு முழுக்க அதில்தான் இருக்கிறது. ஃபைல்களை மட்டும் காப்பி எடுத்தால் விண்டோஸ், தமிழ் ஃபான்ட், பிரின்டர் டிரைவர் என்று எல்லாவற்றையும் திரும்பப் போட வேண்டும். டிஸ்க்கையே இமேஜ், அதாவது விண்டோஸ் உட்பட எல்லாம் அடங்கிய முழு நகல், எடுத்துவிட்டால் அந்தத் தலைவலி இல்லை.

இப்படி இமேஜ் எடுக்கும் க்ளோன்சில்லா என்ற மென்பொருளைப் பென் டிரைவில் போட்டு அதிலிருந்தே பூட் செய்தேன். இலவசம்தான், ஆனால் பழைய காலத்து எழுத்துத் திரை, டிஸ்க்குகளை எஸ்டிஏ, எஸ்டிபி என்றுதான் காட்டும், கூடவே வரும் அளவையும் மாடல் பெயரையும் பார்த்துத்தான் எது எதுவென்று கண்டுபிடிக்க வேண்டும் (மாற்றி அமுக்கினால் கதை முடிந்தது). முதல் தடவை பாதியிலேயே எரர். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைக்காமல் விட்டது என் தப்பு, அது இருந்தால் விண்டோஸ் முழுசாக ஷட்டவுன் ஆகாது. அணைத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். காலி இடத்தை விட்டுவிட்டுச் சுருக்கிச் சேமிப்பதால் 500 ஜிபி டிஸ்க் 90 ஜிபியில் அடங்கியது.

அப்புறம் அதே அளவு எஸ்எஸ்டி (வேகமான புதுவகை டிஸ்க்) வாங்கி அந்த இமேஜை அதில் இறக்கினேன், சின்னதாக வாங்கியிருந்தால் சாதாரணமாக ஏறியிருக்காது. அப்பா உட்கார்ந்து கணக்கைத் திறந்து பார்த்துவிட்டு, “என்னடா மாத்தினே, எல்லாம் அப்படியேதானே இருக்கு?” என்றார்.