முசுக்கொட்டையை வெட்டப் பயந்த கதை

முசுக்கொட்டை என்று சொன்னால் பலர் முழிப்பார்கள், மல்பெரி என்றால் உடனே புரிந்துவிடும். பென்சில் தடிமனில் ஒரு சாண் குச்சி, அதில் நாலு கணு, இரண்டு கணு மண்ணுக்குள்: என் மரம் அப்படித்தான் ஆரம்பித்தது. முதல் குளிரில் இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையாக நின்றபோது செத்தே போய்விட்டது என்று பிடுங்கப் போனேன். ஏதோ தோன்றி நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தால் உள்ளே பச்சை!

குச்சியை எப்போதும் காய்க்கிற மரத்திலிருந்தே எடுங்கள். விதையில் முளைத்தது ஆண் மரமாகவும் போகலாம், அதில் பழமே வராது. (வெள்ளை முசுக்கொட்டையின் ஆண் பூ மகரந்தத்தை ஒலியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் வீசி எறியுமாம். எனக்குப் பழம்தான் வேண்டும், வீரம் வேண்டாம்.) சுவர், சாக்கடைக் குழாய் பக்கம் நடவே நடாதீர்கள், வேர் பொல்லாதது.

நான் செய்த தப்பு வேறு. பாவம், வளரட்டுமே என்று ஐந்து வருஷம் கத்தியே வைக்கவில்லை. மரம் மாடியைத் தாண்டியது, பழமெல்லாம் உச்சியில், தின்றது பறவைகள், எனக்குக் கிடைத்தது தரை முழுக்க ஊதாக் கறை. அப்புறம் ஒருவழியாக, இலை உதிர்ந்து நின்ற சமயத்தில், மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஆளுயரத்துக்குக் கவாத்து செய்தேன். துளிர்விட்ட பிறகு வெட்டினால் வெட்டுவாயில் பால் வடிந்துகொண்டே இருக்கும், அதனால்தான் அந்த நேரம். அந்த வருஷம் காய்ப்பு சுமார்தான். அடுத்த வருஷம் கைக்கெட்டும் கிளையிலேயே கொத்துக் கொத்தாக வந்தது. வெள்ளை முசுக்கொட்டை இந்த வெட்டைத் தாங்கும், கறுப்பு முசுக்கொட்டையிடம் இவ்வளவு முரட்டுத்தனம் வேண்டாம்.

பறித்த பிறகு இது பழுக்காது. அதனால் கீழே பழைய துணியை விரித்துக் கிளையை லேசாக உலுக்குங்கள், விழுவதுதான் பழுத்தது. காயை ஆசைப்பட்டுத் தின்றால் வயிறு கலக்கும். விழுந்ததை அன்றைக்கே தின்றுவிட வேண்டும், இல்லையென்றால் ஃப்ரீசர், மறுநாள் சாறு விட்டுக் கொழகொழவென்று ஆகிவிடும். ஜாம் கிண்டினால் எலுமிச்சைச் சாறு கட்டாயம், ஜாமை இறுக வைக்கும் பெக்டின் இதில் குறைவு என்பதால் தானாக இறுகாது. முதல் தடவை நான் எலுமிச்சையைச் சேர்க்காமல் விட்டுவிட்டேன், சரி, சிரப் என்று பெயர் மாற்றிச் சமாளித்தாயிற்று.

விரல் கறைக்குச் செங்காயை நசுக்கித் தேய்க்கச் சொல்வார்கள். எனக்குப் பாதிதான் போனது.